பதம் பார்த்த கையும் ஒரு ஷாக் அப்சர்வரும்

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு தோலைத் தொட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘ரிஜெக்ட்’ என்று சொல்லக்கூடிய கை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரர் ஜான்சன் மாஸ்டர். தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து வந்து இறங்கும் தோல்களை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பதம் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், திருப்பி அனுப்பு என்று பிரிப்பது அவர் வேலை. வித்தை கட்டைவிரலில் இருப்பதாகப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவர் மனைவி ஃபீபிக்கு மட்டும் தெரியும், அது சுண்டுவிரலில் இருந்தது. மற்ற விரல்களுக்கு முன்னால் அது போய் வேவு பார்த்துவிட்டு வரும்.

மாஸ்டரிடம் கொள்கைகள் பல இருந்தன. அவற்றுள் எதுவும் இன்னொன்றோடு ஒத்துப்போனதில்லை. டேனரி நாற்றத்தின் நட்டநடுவே நின்று கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார். ஆனால் டவுன் பஸ்ஸின் டீசல் வாசனை பட்டால் வாந்தி எடுப்பார். ஆட்டோ, கார், கம்பெனி வேன் எதுவானாலும் அதே கதிதான். ஸ்கூட்டர் பழகப் போனார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். சர்ச் காம்பவுண்டுச் சுவர் இன்றும் அந்த இடத்தில் சற்று அடக்கமாக உள்வாங்கி நிற்கிறது. ரயிலில் மட்டும் வாந்தி வராது. அதற்காக வீட்டிலிருந்து கம்பெனிக்கு ரயில் விடச் சொல்லி யாரிடம் கேட்பது?

ஆகவே சைக்கிள். மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன, தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள். மாஸ்டர் போகும் வழியில் மலை எதுவும் இல்லை, பள்ளம்தான் இருந்தது. பாலாற்றுக்கு அந்தக் கரையில் வீடு, இந்தக் கரையில் கம்பெனி, நடுவில் தோல் லாரிகள் உழுதுபோட்ட ரோடு. பருத்த உடம்பை இரண்டு கைகளிலும் ஊன்றிக்கொண்டு தினமும் அதில் போய்வந்தார். தோலைப் பதம் பார்த்த கையை ரோடு பதம் பார்க்கத் தொடங்கியது.

முதலில் சுண்டுவிரல் மரத்தது, பிறகு மோதிரவிரல். மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. விளைவை ஊரே கண்டுகொண்டது, வேறு விதமாக. மாஸ்டர் நல்லவராகிவிட்டார். வந்த தோலெல்லாம் முதல் தரமாகப் போயிற்று. பேர்ணாம்பட்டிலிருந்து தோல் கொண்டுவரும் நிசார் அஹமது, பல வருஷமாக மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், நெகிழ்ந்துபோய் ஒரு பெரிய தேக்சா நிறையப் பிரியாணி அனுப்பினார்.

“மாஸ்டர் இப்பதான் மனுசங்க கஷ்டத்தப் புரிஞ்சுக்கினாரு” என்று டீக்கடையில் சொன்னார். “வயசாச்சு இல்ல, மனசு பழுத்துப்போச்சு.”

பழுத்தது மனசு இல்லை என்பதை ஃபீபி கண்டுபிடித்தாள். மாஸ்டர் சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கண்ணை மூடச் சொன்னாள். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பக்கத்து நர்ஸுக்கு, சுண்டுவிரல் மரத்தது என்றால் முதலில் ஞாபகம் வருவது தொழுநோய்தான். பஞ்சால் தொட்டுப் பார்த்தாள்.

“தொட்டேனா?”

“தொட்ட.”

“எங்க?”

“அதான் தொட்டியே, அங்க.”

“ஒரு கண்ண தொறந்துக்கினு பரீட்ச எழுதறீங்களா? வேலூருக்குக் கெளம்புங்க.”

வேலூரில் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, பயப்படுகிற நோய் எதுவும் இல்லை என்றார். உள்ளங்கை ஓரமாக ஒரு நரம்பு ஓடுகிறது; அதன்மேல் உடம்புப் பாரத்தை வைத்து தினமும் பள்ளத்தில் இடித்தால் அது வேறு என்ன செய்யும்? “நோய் உங்க கையில இல்ல, சைக்கிள் ஹேண்டில்பார்ல இருக்கு. சைக்கிள விடுங்க. இல்லன்னா அந்த அதிர்ச்சி கைக்கு வராமப் பாத்துக்குங்க.”

இதற்குள் மாஸ்டர் நல்லவராக இருந்த காலத்தில் போன சரக்கு ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மேனேஜர் கோதண்டராமன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மென்மையான மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது மேலும் மென்மையாவார்.

“மாஸ்டர், பொங்கல் கழிச்சு, சரக்கு வாங்குற அந்த ஜெர்மனி பையரோட ஆளு வர்றான். அவன் எதிர்லயே செலக்ஷன் பண்ணிக் காட்டணுமாம். உங்க கை சரியில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல. அட்டப்பெட்டி செக்ஷன்ல சேர் போட்டுத் தர்றேன். அங்க ஃபேன் இருக்குது.”

அந்த ஃபேன்தான் மாஸ்டரைச் சுட்டது. வாழ்நாளெல்லாம் தோலைத் தொட்ட கை, ஃபேன் காற்றில் அட்டைப்பெட்டியைத் தட்டிக்கொண்டு கிடப்பதா? அன்று சாயங்காலமே வாஹித் பாஷாவின் சைக்கிள் கடைக்குப் போனார்.

வாஹித் பாஷா விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: “உங்களுக்குத் தேவ ஷாக் அப்சர்வர்.”

அதிர்ச்சியை உறிஞ்சுகிற ஒரு சாமானுக்கு, அதிர்ச்சியைச் சும்மா வேடிக்கை பார்க்கிறவன் என்று பொருள்படும் பெயர் நம் ஊர்களில் எப்படி நிலைத்தது என்று தெரியவில்லை. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரோடு சேர்கிற கவைதான் ஃபோர்க். மாஸ்டரின் சைக்கிளில் இருந்தது வெறும் இரும்பு. அதைக் கழற்றிவிட்டு, காலுக்குள் காலாக இறங்கி ஏறுகிற ஃபோர்க்கை மாட்டினால் இடி அதோடு நின்றுவிடும் என்றார் பாஷா.

கடையில் மூன்று இருந்தன. பாஷா அவற்றின் அளவு, தண்டு நீளம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதல் ஃபோர்க்கைத் தரையில் ஊன்றி அழுத்தினார். உள்ளே ஸ்பிரிங். அரை அங்குலம்தான் இறங்கியது.

“கெட்டி. ரிஜெக்ட்.”

இரண்டாவதும் ஸ்பிரிங், சற்று இறங்கிவிட்டுக் கீச்சென்றது. “ரிஜெக்ட்.”

மூன்றாவது, சாயக் கம்பெனி வேலையாக வந்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிளிலிருந்து கழற்றியது. உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் உருளைகள் அடுக்கியிருந்தன. மாஸ்டர் தொட்டதும் அது வெண்ணெய் போல் இறங்கியது. முகம் மலர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை அழுத்தினார்.

“ஆட்டுக்குட்டித் தோல் மாதிரி இருக்குது பாய். ஃபர்ஸ்ட் கிரேடு!”

“மாஸ்டர், அந்த தொர உங்கள்ல பாதிதான் இருப்பாரு. அவரு வெயிட்டுக்கு வெச்ச ரப்பர் இது.”

“மெத்துனு இருந்தா யாருக்கும் மெத்துனுதான். நீ மாட்டு.”

மரத்துப்போன கையால் பதம் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பாஷாவுக்குத் தோன்றியது. ஆனால் மாஸ்டரின் கையைப் பற்றி அவரிடமே சொல்லும் தைரியம் அந்தக் காலத்தில் ஆம்பூரில் யாருக்கும் கிடையாது.

மாஸ்டர் சைக்கிள்மேல் ஏறினார். முன்பக்கம் முழந்தாளிட்டது. ஏறிய அந்தக் கணமே ஃபோர்க் இறங்கவேண்டிய தூரம் முழுவதும் இறங்கிவிட்டது. இனிப் பள்ளம் வந்தால் இறங்க மிச்சம் எதுவும் இல்லை. பாலத்துக்கு முன்னால் முதல் பள்ளத்திலேயே ‘டக்’ என்று இரும்பும் இரும்பும் இடித்தன. அந்த இடி நேரே உள்ளங்கைக்குப் போயிற்று. அப்சர்வர் பெயருக்கேற்றபடி நடந்துகொண்டது: பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் மரப்பு நடுவிரலையும் விசாரிக்க வந்தது.

மாஸ்டர் தளரவில்லை. இடிக்கிறதென்றால் கெட்டியாக இருக்கிறது. கெட்டியாக இருக்கிறதென்றால் எண்ணெய் போதவில்லை. தோல் தொழிலில் இதைவிடத் தெளிவான நியாயம் கிடையாது. விறைத்த தோலை மெத்தென்று ஆக்க டிரம்மில் ஊற்றும் மீன் எண்ணெயை ஒரு பாட்டிலில் வாங்கிவந்தார். ஃபோர்க்கின் இரண்டு மூடிகளையும் திருகித் திறந்து உள்ளே தாராளமாக ஊற்றினார்.

மறுநாள் காலையிலிருந்து நாய்கள் பின்தொடர்ந்தன. பாலத்தடிக் கறிக்கடை நாய்கள் தங்கள் நிரந்தர உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நிறுத்திய சைக்கிளைச் சுற்றி ஊர்ப் பூனைகளெல்லாம் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தன. ஆராதனை முடிந்து வெளியே வந்த போதகர், இத்தனை ஒழுங்கான சபையைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

இதைவிட மோசம், ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊறிவிட்டது. டீயில் விழுந்த பன் போல் உப்பி, பிறகு நெகிழ்ந்து, ஒரு நாள் பள்ளத்தில் இறங்கிய ஃபோர்க் மேலே வர மறுத்துவிட்டது. மாஸ்டர் நாய்கள் புடைசூழச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார்.

ஃபீபி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாங்க இது, மீன் மார்க்கெட்டா?”

“இன்னும் கொஞ்சம் சாஃப்ட் பண்ணா சரியாயிடும் ஃபீபி.”

“சாஃப்டு, சாஃப்டு! நீங்க போட்டுக்கினு இருக்கிற ஷூவுக்கு அடியில இன்னா வெச்சிருக்குது? ஆட்டுக்குட்டித் தோலா?”

மாஸ்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அதன் மேல்தோலைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அடிப்பாகத்தை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. அது பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் செய்கிற ரப்பர். ஆனால் அவருடைய அத்தனை பாரத்தையும் இதுவரை முனகாமல் தாங்கியது அந்தக் கெட்டியான, அவ்வளவு கெட்டியும் இல்லாத ரப்பர்தான்.

“அது வேற, இது வேற” என்றார், தோற்றவர்கள் சொல்வது போல.

“ஆமா, வேற. அது நாறல.”

மறுநாள் மாஸ்டர் கம்பெனியில் முதல் தடவையாக ஷூ அடிப்பாகம் செய்கிற கட்டடத்துக்குப் போனார். ஏதோ ஆகாத சொந்தக்காரர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர் போல் போனார். மூன்று தினுசு ரப்பர் ஷீட் வாங்கி, தோல் வெட்டும் பிரெஸ்ஸில் வட்டக் கத்தி வைத்து வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டார். மேனேஜரிடம் அனுமதி கேட்டபோது, எதற்கு என்று கோதண்டராமன் கேட்டார். “கைக்கு” என்றார் மாஸ்டர். கோதண்டராமன் மேலும் கேட்கப் பயந்துவிட்டார்.

வாஹித் பாஷா கடையில் ஃபோர்க்கைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினார்கள். பெருமைக்கு உரிய அந்த ஃபர்ஸ்ட் கிரேடு ரப்பர் வழித்தெடுக்கிற நிலையில் வந்தது. அடியில் கெட்டி வில்லைகள், நடுவில் நடுத்தரம், உச்சியில் மெத்தென்றது என்று பாஷா அடுக்கினார். பிறகு உள்ளே இறங்குகிற குழாயைச் சுற்றி, கீழ்க்குழாயின் விளிம்பை ஒட்டி, ஒரு சிவப்பு நூலைக் கட்டினார்.

“இது இன்னாத்துக்கு பாய்? திருஷ்டிக்கா?”

“ஏறுங்க மாஸ்டர். ஆடாம ஒக்காருங்க. ம்... மெதுவா எறங்குங்க. இப்ப பாருங்க, நூலு மேல ஏறி நிக்குது. சும்மா ஒக்காந்ததுக்கே இவ்ளோ அமுங்கியிருக்குது. கட்டவெரல் அகலம் அமுங்கினா சரி. ஜாஸ்தி அமுங்கினா பள்ளத்துல இடிக்கும். கம்மியா அமுங்கினா வெறும் இரும்பு.”

நூல் மூன்று விரல் அகலம் ஏறியிருந்தது. இன்னும் கெட்டியாக்க வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்ல மாஸ்டருக்கு நாக்கு எழவில்லை. அவர் தொழிலில் அது வசவு.

“இன்னும் கொஞ்சம்... மத்தது போடு” என்றார்.

“எது?”

“அதான், அது.”

“கெட்டியா மாஸ்டர்?”

“போடு பாய், பேஜார் பண்ணாத.”

பிரித்தார்கள், அடுக்கினார்கள், ஏறினார், இறங்கினார். ஒருமுறை நூல் அசையவே இல்லை. ஒருமுறை இரண்டு விரல். கடைசியில் நூலுக்கும் விளிம்புக்கும் நடுவில் மாஸ்டரின் கட்டைவிரல் அளந்து வைத்தாற்போல் பொருந்தியது. அன்று பாலத்துப் பள்ளத்தில் ஃபோர்க் இறங்கியது, ஏறியது. கைக்கு ஒரு தகவலும் வரவில்லை. கெட்டியாக்கினால் மெத்தென்று ஆகிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதை மாஸ்டர் வீடு வரை ஜீரணித்துக்கொண்டே போனார். நாய்களில் இரண்டு மட்டும் பழைய விசுவாசத்தில் கூட வந்தன.

கிறிஸ்துமஸுக்குள் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்வு திரும்பியது. பொங்கலுக்குச் சற்று முன்னால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் “ஸ்ஸ்” என்று கையை உதறினார். சுண்டுவிரலில் ரசம் சுட்டிருந்தது. ஃபீபி, கையைப் பார்ப்பதற்குப் பதில், எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “ரசம் ஊத்தட்டுமா இன்னும்?” என்று கேட்டாள். மாஸ்டர் சுண்டுவிரலை மட்டும் நீட்டினார்.

பையரின் ஆள் வந்தான். அன்று மேஜைக்கு வந்தது நிசார் அஹமதுவின் சரக்கு. மாஸ்டரின் பழுத்த மனசை நம்பி, அவர் அதில் மட்டமான தோலைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்திருந்தார். மாஸ்டர் கண்ணை மூடிக் கையை ஓட்டினார். சுண்டுவிரல் முன்னால் போயிற்று, நின்றது.

“ரிஜெக்ட்.”

அடுத்தது. “ரிஜெக்ட்.” அதற்கடுத்தது. “செகண்ட்ஸ்.” பையரின் ஆள் தானும் தடவிப் பார்த்துத் தலையாட்டினான், பிறகு தடவுவதையே விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். மதியத்துக்குள் ரிஜெக்ட் மேஜை மலை போல் உயர்ந்தது. மாஸ்டரின் கை குணமாகவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்ட கோதண்டராமன், கப்பலுக்குச் சரக்கு போதுமா என்று எண்ணிப் பார்த்து, கொஞ்சம் குறைவாக வேண்டியிருக்கலாம் என்று நினைத்தார். அட்டைப்பெட்டி செக்ஷனில் ஃபேன் யாருக்கும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மாஸ்டரின் கை எப்படிக் குணமானது என்று விசாரித்துக்கொண்டு, நிசார் அஹமது நேரே சைக்கிள் கடைக்குப் போனார்.

“வாஹித் பாய், மாஸ்டர் வண்டிக்கு ஃபோர்க் போட்டது யாரு?”

பாஷாவுக்கு அடுத்த ஆர்டர் வந்துவிட்ட சந்தோஷம். “நான்தான்!”

“எங்க தோஸ்து மாதிரி இருந்துக்கினு இப்படிப் பண்ணிட்டியே” என்றார் நிசார்.

மறுவாரம் மாஸ்டரின் வீட்டு வாசலில் புத்தம் புதிய சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஹேண்டில்பாரில் மாலை. பக்கத்தில் நிசார் அஹமது.

“மாஸ்டர், பழைய வண்டிய விடுங்க. இது எங்க அன்பளிப்பு. நல்ல ஒரிஜினல் இரும்பு. ஸ்பிரிங்கு, ரப்பர்னு ஒரு தொந்தரவும் கெடையாது.”

மாஸ்டர் மாலையை ஒதுக்கிவிட்டு ஹேண்டில்பார்மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். சுண்டுவிரல் மெதுவாக முன்னால் நகர்ந்தது.

“பதம் இல்ல பாய்” என்றார். “ரிஜெக்ட்.”