உப்புப் போட்ட ஐஸ்

"இதை யாரு ஃப்ரீசர்ல வச்சது?" என்று என் மகன் கேட்டான். அவன் கையில் என் இன்சுலின் குப்பி இருந்தது. மேலெல்லாம் பனி படிந்து, உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடந்தது. ஓசூரில் முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, ராத்திரிதான் வந்தது. மருமகள் சமையலறை வாசலில் முகம் வெளுத்து நின்றாள். மகனுக்கு என் கோபம் அப்படியே வந்திருக்கிறது. பதில் வரும்வரை விடமாட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தக் குப்பியையே பார்த்தேன். கை நடுங்கத் தொடங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து மருமகள் ஓடிவந்தாள். சர்க்கரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இதேபோல ஒரு குப்பியை என் கையாலேயே உறையவைத்தவன் நான். எண்பதை எட்டப்போகிறேன், இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். மீசை சரியாக முளைக்காத வயது, ஆனால் வாய் மட்டும் நீளம். பஸ்ஸை ஓட்டியவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் தெலுங்கு, பயணிகளிடம் தமிழ், பெங்களூர் ஸ்டாண்டில் குறுக்கே வரும் குதிரைவண்டிக்காரர்களைத் திட்டுவதற்கு மட்டும் கன்னடம் என்று வைத்திருந்தார். அவருக்கு ஒரே மகள், பதினோரு வயது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. அது வசதியாகச் சாப்பிட்டுத் தொப்பை போட்ட கிழவர்களுக்கு வருவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். குச்சி மாதிரி இருந்த பெண்ணுக்கு வந்ததை ஊரில் யாரும் நம்பவில்லை. தினமும் ஊசி போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆபத்து, மருந்து சூடாகக் கூடாது என்று பெங்களூர் டாக்டர் சொல்லியிருந்தார். கிருஷ்ணகிரியில் அந்த மருந்து கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு குப்பி பெங்களூரிலிருந்து எங்கள் பஸ்ஸில் வரும்.

அந்தக் காலத்தில் எல்லா பஸ்ஸுக்கும் லாரிக்கும் முன்னால் ஒரு கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும். துணி கசிந்து ஈரமாகவே இருக்கும். வண்டி ஓடும்போது காற்றுப் பட்டு உள்ளே தண்ணீர் பானைத் தண்ணீர்போல் குளிர்ந்துவிடும். எங்கள் பஸ்ஸில் இரண்டு பைகள். ஒன்று எல்லோருக்கும், இன்னொன்று மகளுக்கு. குப்பியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, வாயைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி, அந்த இரண்டாவது பைக்குள் அண்ணன் இறக்கிவிடுவார். அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி என்று நின்ற இடத்திலெல்லாம் முதலில் இறங்குவது அவர்தான். பைமேல் தண்ணீர் தெளித்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அதுவரை பஸ் நகராது.

மருந்தைக் கொடுக்க நானும் அவர் வீட்டுக்குப் போவேன். "கண்டக்டர் மாமா, என் மருந்துக்கு டிக்கெட் போட்டீங்களா? செக்கிங் வந்தா இறக்கி விட்டுருவாங்களே!" என்று அந்தப் பெண் கேட்கும். பழைய டிக்கெட் ஒன்றை ஓட்டை போட்டு, "அரை டிக்கெட்டு, நின்னுக்கிட்டே வந்துச்சு" என்று நீட்டுவேன். அதையெல்லாம் ஒரு நோட்டுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். ஊசிக்கு அழாத பிள்ளை. ஊசியை வெந்நீரில் கொதிக்கவைக்கும்போது அப்பன்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு சித்திரை மாதம், சூளகிரிக்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. தலைக்கு நேரே வெயில். எல்லோருக்குமான பையிலிருந்த தண்ணீரை ஊற்றியும் போதவில்லை. "இன்னொரு பை இருக்குதே, அதையும் ஊத்துய்யா" என்றார்கள். அண்ணன் பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒரு டப்பாவுக்காவா இத்தனை பேரு வெயில்ல காயறது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். "என் பொண்ணு உசுரு இதுலதான் இருக்குதுய்யா. உங்க காலைப் புடிச்சுக்கறன், உட்டுடுங்க" என்றார் அண்ணன். யாரையும் கெஞ்சி நான் பார்த்திராத மனிதர். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரக் கொல்லைக்காட்டில் தெரிந்த கிணற்றுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் நடுரோட்டில் நின்று பையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். வண்டி நின்றால் காற்று இல்லை அல்லவா, கையாலேயே காற்று உண்டாக்குகிறார்! வியர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அய்யோ, அந்தக் கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணனை இனி இப்படி நிற்கவிடக் கூடாது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

பெரிய கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. அடுத்த குப்பி வாங்கும் நாளில் அக்கா வீட்டிலிருந்து அகலவாய் பிளாஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பெங்களூர் ஸ்டாண்டில் குல்பி விற்பவரிடம் ஐஸ் கேட்டேன். அவர் நொறுக்கிய ஐஸைப் போட்டுவிட்டு, கைநிறைய கல்லுப்பை அள்ளினார். "உப்பு ஹாக்ரி, கட்டியாகிருத்தே" என்று கன்னடத்தில் சொன்னார். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும், அதில்தான் குல்பி கல்லாக நிற்கும், அவர் தொழிலில் அது சரி. நான் இன்னும் ஒரு கை உப்பை நானே அள்ளிப் போட்டேன். குப்பியை நடுவில் புதைத்து மூடினேன். அன்று அண்ணனை ஓரிடத்திலும் இறங்கவிடவில்லை. "உக்காருங்கண்ணா, இன்னிக்கு ராஜா மாதிரி ஓட்டுங்க" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

வீட்டில் பிளாஸ்க்கைத் திறந்தபோது குப்பி வெள்ளைக் கல்லாக இருந்தது. அண்ணன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இவ்ளோ சில்லுனு எப்பவும் வந்ததில்லையேடா!" என்றார். அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவிக்கு ஐஸ் யார் யோசனை என்று தெரியாது, வழக்கம்போல் எனக்கு இன்னொரு தோசை வைத்தார். மறுநாள் காலை வண்டி எடுக்க அண்ணனைக் கூப்பிட நான் போனபோது, உருகியிருந்த குப்பியை வழக்கம்போல் உருட்டிக் கலக்கினார்கள். மருந்து பொடிப்பொடியாகத் திரிந்து கண்ணாடியில் ஒட்டியது. "இதென்னடா இப்படி இருக்குது?" என்று அண்ணன் கேட்டார். "புது மருந்து, கெட்டியா இருக்கும்ண்ணா" என்று சொன்னேன். யார் என்னைக் கேட்டது? டிக்கெட் கிழிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? அந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

இரண்டாம் நாள் அந்தப் பெண் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் விடிந்தபோது ஓடிவந்தவள்போல் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கிருஷ்ணகிரியில் இருந்த ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை ஐஸ்ல புதைச்சது யாரு?" என்றார். "ஒரு நாள் வெயில்ல இருந்திருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காதேப்பா. உறைஞ்சா செத்த மருந்து. நாலு நாளா இந்தப் பிள்ளைக்கு மருந்தே போகலை. யாரு வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு டாக்டரிடம், "நாந்தான் வச்சன் சார்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டரிடமும் அந்த மருந்து இல்லை. "நீ போய் வாங்கிட்டு வா. நான் இவ கையை உடமாட்டன்" என்று அண்ணன் தண்ணீர்ப் பையை என்னிடம் கொடுத்தார். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பெங்களூரில் குப்பியை வாங்கி டப்பாவில் கட்டிப் பைக்குள் இறக்கி, அடுத்த பஸ்ஸின் முன்னால் தொங்கவிட்டு, நின்ற இடத்திலெல்லாம் குதித்து இறங்கித் தண்ணீர் தெளித்தேன். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. ரோடு முழுக்க மாடு. விற்ற மாடு, விற்காத மாடு, அதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள். நான் இறங்கி, துண்டால் அடித்து மாடுகளை விரட்டினேன். "பைத்தியமாடா உனக்கு?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். "ஒரு புள்ளை சாகக் கெடக்குதுய்யா, வழியை உடுங்க!" என்று கத்தினேன். விட்டார்கள். ஆனால் மாட்டுக்கு அது புரியுமா? அங்கேயே அரைமணி நேரம் போய்விட்டது.

டாக்டர் வீட்டு வாசற்படியில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "ஐஸ் வச்சு எம்புள்ளையை அனுப்பிட்டியே, நீயும் ஒரு அப்பனா!" எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் என் கையிலிருந்த பையை வாங்கிப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சில்லுனுதான் இருக்குதுடா" என்றார்.

அதன்பிறகும் இரண்டு வருடம் அவரோடு ஓடினேன். வீட்டில் அந்த அம்மா அவரோடு பேசுவதை விட்டுவிட்டார் என்று தெரியும். என் ஒரு வார்த்தை போதும், அந்தப் பழி அவர் தலையிலிருந்து இறங்கியிருக்கும். ஒருநாள் துணிந்து, "அண்ணா, அந்த உப்பு…" என்று ஆரம்பித்தேன். "வண்டி எடுக்க நேரமாச்சு, போய் டிக்கெட்டைப் போடு" என்றார். அந்தச் சாக்கு எனக்குப் போதுமாக இருந்தது. கோழை, வேறென்ன! அவர் மட்டும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, இரண்டாவது பைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒன்றும் கிடையாது. பிறகு நான் வேறு பஸ்ஸுக்கு மாறிக்கொண்டேன். அவரும் போய்விட்டார், அந்த அம்மாவும் போய்விட்டார்.

இன்று பெட்டிக்கடைக்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை, அதிலும் ஒரு ஃப்ரிட்ஜ். மகன் கம்பெனிக்குப் போகும் வழியில் எனக்கு வாங்கி வந்துவிடுகிறான். ஒரு குப்பி போனால் இன்னொரு குப்பி. ஆனாலும் அவன் விடவில்லை. "கேட்கறேன் இல்ல? இது உறைஞ்சா வேலை செய்யாதுன்னு தெரியாதா? அப்பா இதைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? யாரு வச்சது?" மருமகள் என்னைப் பார்த்தாள். கரண்ட் இல்லையே, அங்கேயாவது சில்லென்று நிற்கட்டும் என்று எனக்காக வைத்தவள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"நாந்தான்டா வச்சன்" என்றேன்.