ராகு காலத்துக்கு முன் சரித்த தொட்டி

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு நான் அவசரப்பட்டேன். நோர்வேயின் பியோர்ண்டாலில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன பழைய வெந்நீர்க் குளியல் தொட்டி ஒன்று கிடந்தது. அதை ஏற்றிப்போக என் கணவரின் நண்பர்கள் நால்வர் வருவதாக இருந்தது.

"ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்கிடும். இப்பவே கொஞ்சம் சரிச்சு வைச்சாக் காணும், நல்ல நேரத்தில வேலை தொடங்கின கணக்கு," என்றேன்.

"ஆக்கள் வரட்டுமப்பா," என்றார் கணவர்.

"அம்மா, ராகு நோர்வேக்கும் விசா எடுத்திட்டாரோ?" என்று சிரித்தபடி பதினேழு வயது மகள் அபிராமி கைகொடுத்தாள்.

மூவருமாக ஒரு பக்கத்தைத் தூக்கினோம். அடியில் மிஞ்சியிருந்த தண்ணீர் ஒரே பக்கமாக ஓடியதில் தொட்டி வழுக்கி, மகளை வேலியோடு நெரித்தது.

"அம்மா, மூச்சு விடேலாமக் கிடக்கு," என்றாள்.

இருவரும் எவ்வளவு முயன்றும் தொட்டி அசையவில்லை. கணவர் அவசர உதவியை அழைத்தார். நான் தோளால் முண்டுகொடுத்தபடி, அவள் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று அவள் நலம். நல்ல நேரம் இப்போதும் பார்க்கிறேன். ஆனால் பாரம் தூக்கும் வேலை எதையும், ஆட்கள் எல்லாரும் வந்து சேராமல் தொடங்க விடுவதில்லை.

அன்று கடைசியில் தீயணைப்புப் படையினர் வந்து, தொட்டியை விலக்கி, அவளைப் படுக்கவைத்தார்கள். "உதவிக்கு ஆட்கள் வரும்வரை ஏன் பொறுக்கவில்லை?" என்று அவர்களில் ஒருவர் நோர்வேஜிய மொழியில் என்னைக் கேட்டார்.

படுத்திருந்த மகள் முந்திக்கொண்டு அதே மொழியில் சொன்னாள்: "எனக்குத்தான் அவசரம்."