வேம்புக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

திண்டுக்கல் வாசகசாலைக்கு ஒருமுறை ஒரு பேச்சாளர் வந்தார். மரத்தையும் மாட்டையும் கல்லையும் மனிதராக நினைத்துப் பழகினால் உலகத்தில் சண்டையே இருக்காது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். அறுபதுகளின் தொடக்கம், எந்த நாடு எந்த நாட்டின்மேல் குண்டு போடுமோ என்று எல்லோரும் பயந்திருந்த சமயம். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். அவர்கள் புத்திசாலிகள். நான் விழித்திருந்தேன். அதோடு நிற்காமல் நம்பியும் தொலைத்தேன்.

உலக சமாதானத்தின்மேல் எனக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. என் பிரியமெல்லாம் ஒரு ஏக்கர் கத்தரிமேல். வடமதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவே ஓடி, கடைசியில் என் தோட்டத்துக்கு வரவேண்டும். வராது. இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் திறந்த மடையை மற்றவர் அடைப்பதுதான் இரண்டு வருடமாக எங்கள் ஊர் விவசாயம். பூத்த கத்தரி தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

வாய்க்காலின் மேலக்கரையில் ஓர் அரசமரம், கீழக்கரையில் ஒரு வேம்பு. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் தெருக்கள் சம்பந்தியாகிவிடும், சம்பந்தி மடையைச் சம்பந்தி அடைப்பானா என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சம்பந்திகளைப் பற்றி என்ன தெரியும்?

கல்யாணம் அமோகமாக நடந்தது. வேம்புக்குக் கூறைப்புடவை, அரசுக்குப் பட்டுவேட்டி, நிலக்கோட்டை மல்லிகை. ஜென்மப் பகையாளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சினார்கள். மடை திறந்தது. மறுநாள் தண்ணீர் பாதி தூரம் வந்திருந்தபோது, மேலத்தெரு நாட்டாமை கீழக்கரையில் நின்று மண்வெட்டியால் எல்லை போட்டுக்கொண்டிருந்தார்.

“இது எங்க கரையில்ல?” என்றார் கீழத்தெரு நாட்டாமை.

“நேத்து வரைக்கும். பொண்ணு எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டா சம்பந்தி. அவ நிக்கிற எடமும் எங்களுதுதான?”

“எங்க வந்தா? மொளச்ச எடத்துலதான் நிக்கிறா. அம்புட்டு ஆசைன்னா ஒங்க பயல இங்கிட்டு அனுப்பு. வீட்டோட மாப்பிள்ளையா வச்சுக்கிறோம்.”

“ஏலே, யாரு வீட்டுப் பயல வீட்டோட மாப்பிள்ளைங்கிற?”

மடை அடைபட்டது. நாலாம் நாள் காலையில் கீழத்தெருக்காரர்கள் வேம்பை வெட்டிச் சாய்த்தார்கள். கரையை விட்டுக்கொடுப்பதைவிடப் பெண் செத்தது மேலாம். மரமாக இருந்தவரை எத்தனையோ வருடம் அதன்மேல் யாரும் கோடரி வைக்கவில்லை. மனுசியாக்கி நாலே நாள்.

விழுந்தது வாய்க்காலுக்குக் குறுக்கே. எடுக்க வேண்டியது புருஷன் வீடு என்றது கீழத்தெரு. பிறந்த வீட்டுக் கோடித்துணி வராமல் தொடமாட்டோம் என்றது மேலத்தெரு. இரண்டும் முறைப்படி சரி. அதுதான் கேவலம்.

இரவல் ரம்பத்தோடு நானே போனேன். இரண்டு கிளை அறுத்திருப்பேன், இரு கரையிலும் ஆள் கூடிவிட்டது.

“ஏப்பு, நீ பொண்ணுக்கு என்ன முறை வேணும்?” என்று மேலத்தெரு நாட்டாமை கேட்டார்.

“தரகன்தான் மாமா.”

“தரகன் பொணத்தத் தொடலாமா? வச்சுட்டுப் போ.”

“ஆமாமா, அது மொறையில்ல,” என்றார் கீழத்தெரு நாட்டாமை, எதிர்க்கரையிலிருந்து.

வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரமே கத்தரியைப் பிடுங்கி அடுப்பெரித்தேன்.