அக்காவுக்குச் சடை பின்னியவள்

மாமா முதலில் அக்காவை அடிக்கவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிவைத்த சோற்றுக் குண்டானை எட்டி உதைத்தார். கஞ்சி வடிக்காத சோறு கொதிக்கக் கொதிக்கத் தரையில் ஓடியது. அக்கா காலை இழுத்துக்கொள்வதற்குள் இடுப்பு பெல்ட்டை உருவிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். தெருவில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு வாசனை.

அந்தப் பெல்ட்டுக்கு வழிகாட்டியவன் நான்.

எங்கள் வீடு குத்தம்பாக்கத்தில். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா செத்த பிறகு அம்மா ஜாக்கெட் தைத்தாள். அக்கா எட்டாவதோடு நின்று, பிறகு அம்பத்தூரில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்குப் போனாள். அவள் போனதால் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வகையறாவில் முதல் பட்டம் என்னுடையது. அம்மாவின் தம்பி, வேன் ஓட்டுகிறவர், அவர்தான் எங்கள் வீட்டுக்குப் பெரிய மனிதர்.

கம்பெனியில் அக்காவுக்குப் பக்கத்து மிஷினில் நிற்பவள் மாங்காட்டுக்காரி. அவளையும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏழு வருஷமாக ஞாயிறு தவறாமல் வருவாள். அக்காவை வாசற்படியில் உட்காரவைத்து, தான் மேல்படியில் உட்கார்ந்து, எண்ணெயை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்துத் தலையில் வைப்பாள். அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி.

“தலைய ஆட்டாதடி. கொரங்கு கணக்கா ஆட்டிகினே கீற.”

“வலிக்குதுடி எரும.”

“வலிக்கட்டும். வாரம் பூரா சீப்பே படல, இன்னா முடி இது, தேங்கா நாரு.”

பின்னி முடித்ததும் ஒரு முழம் பூவைப் பல்லால் கடித்து இரண்டாக்குவாள். பாதி அக்காவுக்கு, பாதி தனக்கு. மதியம் ஒருத்தி மடியில் இன்னொருத்தி தலைவைத்துத் தூங்குவாள். தெருவே பார்க்கும். “ரெட்டப் பொறப்பு கணக்கா கீதுங்க” என்று சிரிக்கும். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டு நின்றாலே கம்பெடுக்கிற எங்கள் தெருவில், இரண்டு பெண்கள் ஒரே பாயில் படுப்பது யார் கண்ணிலும் உறுத்தாது. அவர்களுக்கு இருந்த கூரை அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மாங்காட்டு அக்காவின் மணிக்கட்டில் மிஷின் சுட்ட காயம். அக்கா அதை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதிய இடத்திலேயே முத்தம் வைத்தாள். பிறகு உதட்டில். அவசரமே இல்லை. பழகிய காரியத்தைச் செய்வதுபோல இருந்தது. நான் சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

எனக்கு அருவருப்பு வரவில்லை, சத்தியமாக. பெருமைதான் வந்தது. வீட்டில் யாருக்கும் விளங்காத ஒன்று எனக்கு விளங்கிவிட்டது என்கிற பெருமை.

அப்போது மாமா நசரத்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார். அக்கா மாட்டேன் என்றாள். அதற்கு முன் வந்த நாலு பேரையும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ‘ஏன் இந்தப் பொண்ணு இப்பிடி கீது’ என்று அம்மா தினம் அழுதாள். காரணம் தெரிந்தால் அழமாட்டாள் என்று நினைத்தேன். தையல் மிஷின் முன்னால் அவளை உட்காரவைத்து, பரீட்சையில் பதில் எழுதுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது நோயில்லை. கோர்ட்டே குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. அன்புதான்.

அம்மா கடைசிவரை கேட்டாள். “அப்ப, அதுங்க ரெண்டும் புருசன் பொண்டாட்டி கணக்காவா?”

“ஆமாம்மா. ஆனா தப்பில்ல.”

முதல் வார்த்தையோடு அம்மா நின்றுவிட்டாள். மறுநாள் காலையில் மாமாவுக்குப் போன் போட்டாள். ஞாயிறன்று அவர் வந்தார்.

“எவனையாச்சும் இஸ்துகினு ஓடியிருந்தாக்கூட வெட்டிட்டு நிம்மதியா இருப்பேன்டி! இது இன்னா கருமம்டி!” பெல்ட்டை ஓங்கிக்கொண்டு மாமா கத்தினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி. அக்கா சோற்றின்மேல் விழுந்தாள். பாதம் வெந்துவிட்டது. அப்போதும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மாங்காட்டு அக்கா வரும் நேரம்.

வந்தாள், கையில் பூப் பொட்டலத்தோடு.

“வாங்க மாப்ள” என்றார் மாமா. “ஆரத்தி கரைக்கச் சொல்லட்டா?”

அவள் பதில் சொல்வதற்குள் பெல்ட்டின் கொக்கி அவள் வாயில் பட்டது. மேலுதடு பிளந்தது. மாமா அக்காவின் சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, “அக்கா, கத்திரி குடு” என்று அம்மாவிடம் கை நீட்டினார். அம்மாவின் துணி வெட்டும் கத்தரி. நான் அதில் காகிதம் வெட்டினால்கூட முனை மழுங்கிவிடும் என்று தலையில் குட்டுவாள். அதை அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

ஒரே வெட்டில் போகவில்லை, அவ்வளவு கனமான சடை. நாலைந்து தடவை கடித்துக் கடித்து இறங்கியது கத்தரி. நான் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்தேன்.

“உடுங்க மாமா! பாவம் மாமா!”

“நீதானடா சொன்ன? எங்களுக்கு இன்னா தெரியும், நாங்க படிக்காத முண்டங்க. படிச்சவன் சொன்னா கரெக்டாதான் இருக்கும்.”

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மாமாவின் முழங்கை என் வாயில் இறங்கி முன்பல் உடைந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“வர வெள்ளிக்கெழம தாலி. அதுவரைக்கும் இவள உள்ள போட்டுப் பூட்டு. நீ இந்தத் தெருப்பக்கம் வந்த, பொணமாதான் போவ” என்று மாமா மாங்காட்டு அக்காவை வாசலுக்குத் தள்ளினார்.

அக்கா எழுந்தாள். வெந்த காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாமா பின்னாலேயே அடித்துக்கொண்டு போனார். வாசலில் அதற்குள் பத்துப் பெண்கள். ஏழு வருஷமாக அந்தப் படியில் சடை பின்னுவதைப் பார்த்தவர்கள். அக்கா துப்பட்டாவால் அவள் வாயைத் துடைத்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் வழிகிற அந்த உதட்டில் முத்தம் கொடுத்தாள். முதுகில் அடி விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் விடவில்லை.

“அய்ய, உடுய்யா! செத்துகித்துத் தொலைக்கப் போவுது!” என்று எதிர்வீட்டு அத்தை மாமாவின் பெல்ட்டைப் பிடுங்கினாள். மாமா நின்றார். அத்தனை பேர் பார்ப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததுபோல. அந்த இடைவெளியில் இரண்டு பேரும் செருப்பில்லாமல் நடந்தார்கள். மெயின்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறியது வரை நான் பார்த்தேன். திரும்பி வந்தபோது அம்மா சோற்றிலிருந்து சடையைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆவடியில் ஒரு அறை எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் ‘ஒரே கம்பெனி, ஃபிரண்டுங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள். கூரையை மறுபடி போட்டுக்கொண்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு போகிறேன். அக்கா சோறு போடுவாள், வேலை எப்படி என்று கேட்பாள். மன்னிப்புக் கேட்டேன். “சாப்புடு நைனா, ஆறிடும்” என்றாள்.

என் முன்னால் அவர்கள் தொட்டுக்கொள்வதில்லை. ஒருத்தி சுவரோரம், ஒருத்தி ஜன்னலோரம். தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கைமாற்றாமல் கீழே வைத்து நகர்த்துகிறார்கள். அக்காவின் முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. அலமாரியில் எண்ணெய்ப் பாட்டிலும் சீப்பும் தயாராக இருக்கும். நான் போகட்டும் என்று காத்திருப்பார்கள். நான் கைகழுவிவிட்டு, கிளம்புறேன்க்கா என்று சொல்லிவிடுகிறேன். உட்காரு என்று அவள் ஒருமுறையும் சொன்னதில்லை.