கிணற்று வெடியும் என் ஆராய்ச்சிக் காதும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நிலாவின் வயிற்றைக் கிழித்துக் காட்டினேன் அல்லவா? நிலாவுக்குப் போனவர்கள் அங்கே அதிர்வைக் கேட்கும் கருவியை வைத்துவிட்டு வந்தார்கள், பழைய ராக்கெட் துண்டை மோதவிட்டு, அதிர்வு பரவும் விதத்தை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்... என்றெல்லாம்.

அதைப் படித்த கொழிஞ்சாம்பாறை வேலுச்சாமி வீடு தேடி வந்துவிட்டார். தோட்டத்தில் கிணறு வெட்டுகிறார், பாறை குறுக்கிட்டுவிட்டது.

"ஏனுங்க, நெலாவுக்கே காது வெச்சவரு நீங்க. நம்ம கெணத்துல வெடி வெக்கறப்ப வந்து கேளுங்க."

விடுவேனா? போனேன்.

வெடிகாரர் ரங்கன் ஆறு குழியில் மருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஏறி ஓடி வந்தார். அங்கே ஒரு வழக்கம். எல்லோரும் சத்தத்தை எண்ணுவார்கள். ஆறும் கேட்டால்தான் கிணற்றில் இறங்கலாம். ஒன்று குறைந்தால் அது உள்ளேயே காத்திருக்கிறது என்று அர்த்தம்.

மற்றவர்கள் பனைமரங்களுக்குப் பின்னால் நின்றார்கள். நான் இன்னும் ஒரு வயல் தள்ளி ஓடினேன் — ஆராய்ச்சிக்குத் தூரம் வேண்டுமாம்! நிஜக் காரணம் என் வாசகர்களுக்குத் தெரியும்.

நான்கு வெடி வரை நின்றபடி எண்ணினேன். அப்புறம்தான் ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்தேன். தும்... டமார்! ஐந்து, ஆறு.

"ஆறும் முடிந்தது!" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

"எனக்கு அஞ்சுதானுங்க கேட்டுது," என்றார் ரங்கன்.

"கடைசி இரண்டும் ஒட்டி வந்தன. தரையில் காது வைத்தவனுக்குத்தான் தெரியும்," என்றேன். பெரிய விஞ்ஞானி! வேலுச்சாமி தலையாட்டினார். ரங்கன் கிணற்றைப் பார்க்க நடந்தார்.

ரங்கனின் மனைவி மாராத்தாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"நெலாவப் பத்தி நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறனுங்க. இவரு எறங்கறத நாந்தான் சொல்லோணும்."

எனக்குக் கோபம்கூட வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

டமார்!

கிணற்றுக்கு மேலே கல் பறந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரை வழியாக அதிர்வு முந்தி வரும், காற்று வழியாகச் சத்தம் பிந்தி வரும் — ஒரே வெடியை இரண்டாக எண்ணித் தொலைத்திருக்கிறேன். அந்த அம்மாள் கையைப் பிடித்திராவிட்டால்?

ரங்கன்தான் என்னைத் தூக்கிவிட்டார்.

"வெசனப்படாதீங்க. நீங்க சொன்ன ஆறு இப்ப சரியாப் போச்சுங்க," என்று சிரித்தார்.

மாராத்தாள் சிரிக்கவில்லை.