பச்சை வைசரில் என் பெயர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆட்டோ வாங்கினால், முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்க நீட்டிக்கொண்டிருக்கும் தடுப்பில் பிள்ளைகளின் பெயரை எழுதிவைப்பார். அந்தத் தடுப்பை ஸ்டாண்டில் எல்லோரும் வைசர் என்பார்கள். அரூர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தே யார் வீட்டில் எந்தப் பிள்ளை செல்லம் என்று சொல்லிவிடலாம். எங்கள் அப்பாவின் வண்டியில் என் பெயர் மட்டும்தான். நான் ஒரே பிள்ளை. வேறு யார் பெயரை எழுதுவார்?

எங்கள் வீடு அரூருக்கு மேற்கே இருந்தது. காலையில் ஸ்டாண்டுக்குப் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் முகத்தில்தான் அடிக்கும். சூரியனுக்குத் தன் மேல் ஏதோ கோபம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் தகர வைசர் போட்டார். மேடு பள்ளத்தில் அது கடகடவென்று அடித்துக்கொண்டது. அடுத்து ரெக்ஸினில் தைத்துப் போட்டார். காற்றில் மடங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பச்சை அக்ரிலிக் என்று முடிவானது. வெயிலும் குறையும், அதன் வழியாக ரோடும் தெரியும்.

எவ்வளவு கீழே இறக்குவது என்பதற்கு அப்பா கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஃபேன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தார். ஒரு சாயங்காலம் வண்டியை வாசலில் மேற்குப் பார்த்து நிறுத்தினார். அட்டையைக் கண்ணாடிக்கு வெளியே பிடிக்க ஓர் ஆள், உள்ளே உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அம்மா அடுப்பு வேலையில் இருந்தார். அதனால் அப்பா டிரைவர் சீட்டில் என்னை உட்கார வைத்தார்.

"இப்ப கண்ணு கூசுதா?"

"கூசுதுங்கப்பா."

"இப்ப?"

"இன்னும் கூசுதுங்கப்பா."

அட்டை இறங்கிக்கொண்டே வந்தது. நான் அப்போது தொடக்கப்பள்ளிக்காரி. என் கண்ணுக்கு வெயில் மறைகிற இடம் வேறு, ஆறடி மனிதருக்கு மறைகிற இடம் வேறு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. வைசர் மாட்டி, வெள்ளை ஸ்டிக்கரில் என் பெயரையும் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான், அது தன் மூக்குக்கு நேராகத் தொங்குவதை அப்பா பார்த்தார். அம்மா வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"கழட்டி மேல ஏத்திப் போடுங்க. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும்," என்றார் அம்மா.

"பேரு ஒட்டியாச்சு. புள்ள பேரைப் போயி யாரு கழட்டுவாங்க," என்றார் அப்பா.

அதன்பிறகு எழுத்துகள் ரோட்டை மறைக்க, வருடக்கணக்காக அவர் குனிந்தேதான் ஓட்டினார். எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. எழுத்துகள் ரோட்டைப் பார்த்து இருந்தன. உள்ளேயிருந்து பார்த்தால் இடம் வலமாய்த் திரும்பிய கிறுக்கல் மாதிரி தெரியும். "ஊர்ல எல்லாரும் படிக்கறாங்க, உங்களால மட்டும் படிக்க முடியலீங்களேப்பா," என்று ஒரு நாள் கேட்டேன். "எனக்கெதுக்கு? எம் புள்ள பேரு எனக்குத் தெரியாதா?" என்றார்.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். மாதா கோயிலில் என் கல்யாணம் நடக்கவேண்டும், தன் வண்டியிலேயே என்னை அழைத்துப்போகவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. நானோ என்னோடு வேலை பார்த்தவரை, நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையனை, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். அவர்கள் இந்துக்கள். அப்பா திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அம்மா மட்டும் போனில் பேசுவார். ஸ்டாண்டில் சிலர் அப்பாவிடம், "இன்னுமா அந்தப் பேரோட சுத்தறீங்க?" என்று கேட்டதை அம்மாதான் சொன்னார். பிறகு ஒரு நாள், "வண்டிக்கு டாப்பு மாத்திட்டாரு. துணி டாப்பு இல்ல, கெட்டி டாப்பு. கதவெல்லாம் வெச்சிருக்குது," என்றார். வைசர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அம்மா வீட்டுப் பூனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

போன வருடம், "வந்துட்டுப் போ. உங்கப்பா வந்து கூட்டிக்குவாரு," என்று அம்மா கூப்பிட்டார். நம்பிக்கை இல்லாமல்தான் அரூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வண்டி நின்றது. கூரை கெட்டியாக, பளபளவென்று, மழை ஒரு சொட்டு இறங்காதபடி கதவோடு இருந்தது. முன்னால் கறுப்பு வைசர், அவர் உயரத்துக்குச் சரியாக. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

இவ்வளவுதானா நான் என்று இருந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அப்பா திரும்பிப் பார்க்காமல், "கதவைச் சாத்திக்க," என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். அந்த நிமிர்வைப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஊரைத் தாண்டியதும் சாயங்கால வெயில் நேரே உள்ளே வந்தது. அப்பா கையை உயர்த்தி, கூரையின் உட்பக்கத்தில் மடங்கியிருந்த ஒன்றைக் கீழே இறக்கினார். பச்சை அக்ரிலிக். பழைய வைசரை அறுத்துச் சின்னதாக்கி, கீல் வைத்து, உள்ளே மாட்டியிருந்தார். வெள்ளை எழுத்துகளில் ஒன்றுகூடச் சிதையாமல் என் பெயர் இருந்தது. இந்தமுறை அது ரோட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து இருந்தது.

கண்ணைத் துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. அப்பா பின்னால் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கவேண்டும். "வெயிலு கண்ணுல குத்துது, அதான்," என்றார்.

ரோட்டின் இருபுறமும் புளியமரங்கள் வந்துவிட்டன. வண்டிக்குள் நிழல் விழுந்தது. பச்சை வைசர் இறக்கியபடியே இருந்தது.

"வெயில் போயிடுச்சுங்கப்பா," என்றேன்.

"இருக்கட்டும்," என்றார்.