மல்லாவி லோயர்

கிறிஸ்துநாயகம் லண்டன் குரோய்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தார். இடது காலை ஊன்றும்போது உடம்பு சற்றுச் சாயும். அடுத்த அடியில் நிமிர்ந்துவிடும். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். கேட்டவர்களிடம், ஊரில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்ததாகவும் அதன்மேல் ஷெல் விழுந்ததாகவும் சொல்வார். லண்டனுக்கு வந்ததிலிருந்து அவர் அந்தக் கடைக்காரராகவே வாழ்ந்தார்.

அப்படி ஒரு கடை இருக்கவில்லை. அது தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரான சட்டனில் இருந்தார். அவர் பெயர் செல்வமலர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. கணவர் வாசுதேவன் பஸ் ஓட்டியவர். ஒரு குளிர்காலக் காலையில் வேலைக்குப் புறப்படச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. உயில் எழுதி வைத்திருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு வாசுதேவனின் தம்பி ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். செல்வமலர் தன் அண்ணனின் மனைவியே இல்லை, வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவருடைய வழக்கு.

அந்த வழக்கு வந்த சின்னச் சட்ட அலுவலகத்தில்தான் நான் வேலை செய்கிறேன். சட்டம் படித்து முடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் மேலாளர் பிரீத்தா, மதுரைக்காரர். செல்வமலரின் பேச்சு அவருக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை நான் எடுத்துச் சொன்னேன்.

செல்வமலருக்கு முன்பு ஒரு திருமணம் நடந்திருந்தது. பாலேந்திரன் என்பவருக்கு இருபது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டு அடிப்பார். 2005ஆம் ஆண்டில் செல்வமலர் மல்லாவி நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வாங்கினார். அப்போது வன்னி அரசின் கையில் அல்ல, இயக்கத்தின் கையில் இருந்தது. நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் பொலிசும் அவர்களுடையவை. நான்கு ஆண்டுகளில் எல்லாம் அழிந்தன. அந்த நீதிமன்றத்தின் முத்திரையுள்ள காகிதத்தோடு இராணுவத்திடம் போவது ஆபத்து என்று, முகாமுக்குள் போகுமுன் செல்வமலர் அதைச் சேற்றில் புதைத்துவிட்டார். லண்டனில் வாசுதேவனைப் பதிவுத் திருமணம் செய்தபோது, இல்லாத காகிதத்தைப் பற்றி வாய் திறக்காதே என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவரும் மணமாகாதவர் என்று பதிந்தார். ஊரில் பக்கத்துத் தெருவில் இருந்த வாசுதேவனின் தம்பிக்கு எல்லாம் தெரியும்.

பாலேந்திரன் 2009 மே மாதம் இராணுவத்தின் ஒரு சோதனைச் சாவடியில் பிடிபட்டவர். பிறகு ஒரு செய்தியும் இல்லை.

பிரீத்தா இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, விவாகரத்து நடந்ததை நிரூபிப்பது. அதற்குக் காகிதமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மற்றது சுலபம். பாலேந்திரன் அந்த மே மாதமே இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தைத் தீர்மானிக்கச் செய்தால், வாசுதேவனைக் கட்டியபோது செல்வமலர் விதவை. அந்தத் திருமணம் செல்லும். செல்வமலர் ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தால் போதும்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முன்பே செல்வமலர் தலையை ஆட்டினார்.

“அவரின்ரை அம்மா இன்னும் மகன் எங்கை எண்டு கேட்டு வவுனியாவில றோட்டுக் கரையில படத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறா. பேப்பரில மாமியைக் கண்டனான். நான் இஞ்சை வீட்டுக்காக அவர் செத்துப்போனார் எண்டு எழுதிக் குடுக்கவோ? அந்தாளை விட்டிட்டு வந்தனான். கொல்லேல்லை.”

பிரீத்தா என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் செல்வமலர் டூட்டிங்கில் ஒரு மீன்கடையில் கிறிஸ்துநாயகத்தைக் கண்டார். முகத்தைப் பார்த்தல்ல, நடையைப் பார்த்து. மல்லாவி நீதிமன்றத்தில் தவணைக்குத் தவணை அந்த நடைக்குப் பின்னால்தானே நடந்தவர். லோயர் அண்ணை என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் திரும்பிப் பார்த்து, ஆளை மாறிக் கதைக்கிறியள் தங்கச்சி என்று சொல்லிவிட்டு, வெட்டக் கொடுத்த மீனையும் வாங்காமல் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, செல்வமலரின் வழக்கைப் பற்றி ஊர் ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு, அவராகவே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெற்றோல் நிலையத்தின் சீருடை, மேலே கறுப்புக் குளிரங்கி. அந்தப் பிள்ளையின்ரை விவாகரத்தை நடத்தினது நான்தான் என்றார்.

பிரீத்தா உடனே சந்தோஷப்படவில்லை. அகதி விண்ணப்ப நேர்காணலில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கடைக்காரர் என்றே சொல்லியிருந்தார்; அனுப்பிய ஏஜென்ட் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம். அதை நம்பித்தான் அவருக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. இப்போது பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார்.

“இதை நீங்க கோர்ட்ல சொன்னா உங்க கேஸ் போயிடும் சார்,” என்றார் பிரீத்தா. “நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். முதல்ல வேற ஒரு வக்கீலைப் பாருங்க. அப்புறம் வாங்க.”

“பாத்தாச்சு. அவரும் உந்தக் கதையைத்தான் சொன்னவர். காசும் வாங்கினவர்.”

அவருடைய வாக்குமூலத்தை நான்தான் சில பின்னேரங்களில் உட்கார்ந்து எழுதினேன். மன்னார் முருங்கனில் பிறந்தவர். பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனார். ஆனையிறவுச் சண்டையில் கால் போனது. காயம் ஆறியதும் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ஏன் சட்டத்துக்கு என்று கேட்டேன்.

“கால் போனவங்களில ரெண்டு வகை, பிள்ளை. கணக்குத் தெரிஞ்சவன் களஞ்சியத்துக்கு. வாய் உள்ளவன் சட்டத்துக்கு.”

படிப்பு முடிந்து மல்லாவியில் நிலைத்தார். கடைத்தெருவில் தகரக் கூரை போட்ட ஒரு அறை, வாசலில் பெயர்ப்பலகை. மாடு பயிரை மேய்ந்த வழக்கு, வேலி தள்ளிப் போட்ட வழக்கு, சீதனக் காணியை எழுதிக் கொடுக்காத வழக்கு. ஒருமுறை ஒரு ஆடு யாருடையது என்று தீர்க்க ஆட்டையே நீதிமன்ற வளவுக்குள் அவிழ்த்துவிட்டார்களாம். அது இரண்டு கட்சிக்காரரையும் விட்டுவிட்டுப் புல் மேயப் போனது. அதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி மரியநாயகி கடைசிச் சண்டையில் இறந்தார். அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு, உது வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்றார். நான் எழுதியதை அழித்தேன்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களின் நீதிமன்றம் அது. என் அப்பா அந்த ஆட்களுக்குப் பயந்துதான் ஊரை விட்டவர். அங்கே நீதி இருந்ததா என்று கேட்டேன்.

“சில நாள்,” என்றார்.

முருங்கனில் அவருடைய அம்மா உயிரோடு இருந்தார். பக்கத்து வீட்டுப் பெடியனின் போனில் குரல் பதிவு அனுப்புவார். மகன் வரும்போது போடுவதற்கு என்று ஒரு கட்டில் வாங்கி வைத்திருந்தார். பிரித்தானியப் பாஸ்போர்ட் கிடைத்ததும் முதல் விமானத்தில் போவது என்று கிறிஸ்துநாயகம் இருந்தார். சாட்சி சொன்னால் அந்தப் பாஸ்போர்ட் இல்லை. அது அவருக்கும் தெரியும், செல்வமலருக்கும் தெரியும். வேண்டாம் அண்ணை, வீடு போனால் போகட்டும் என்று செல்வமலர் ஒருநாள் அலுவலக வாசலில் வைத்துச் சொன்னார்.

“நீ உண்மையாப் பிரிஞ்சனி. பொய் சொல்லி மாட்டுப்பட்டாய்,” என்றார் அவர். “நான் பொய் சொல்லித் தப்பினன். ரெண்டும் ஒரே மல்லாவிக் கோட்ஸாலதான் வந்தது.”

வழக்கு நாளன்று கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார். கோட் தோளில் பெரிதாக இருந்தது. நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் நீதிபதியின் இருக்கையைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். எங்கள் பக்கத்தில், எங்களுக்காக வாதாட வந்த பாரிஸ்டரைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. தொழில் என்ன என்று கேட்டார்கள். பெற்றோல் நிலையம் என்பார் என்று நினைத்தேன். “சட்டத்தரணி” என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டு அப்படியே சொன்னார்.

விவாகரத்து வழக்கை அவர் ஒழுங்காகச் சொன்னார். யார் நீதிபதி, பாலேந்திரன் எத்தனையாம் தவணையில் வந்தார், என்ன சொன்னார், தீர்ப்பைக் கேட்டுச் செல்வமலரின் தாய் எங்கே இருந்து அழுதார் என்பதுவரை. பிறகு தம்பியின் பாரிஸ்டர் எழுந்தார். மரியாதையானவர். உங்கள் அகதி நேர்காணலில் கடைக்காரர் என்றீர்கள், இன்று சட்டத்தரணி என்கிறீர்கள், எதை நாங்கள் நம்புவது என்று கேட்டார்.

“கடை பொய். கால் போனது உண்மை. கோட்ஸும் உண்மை.”

அந்த நீதிமன்றத்தை எந்த நாட்டின் சட்டம் அமைத்தது என்று கேட்டார் அவர்.

“எந்த நாடும் இல்லை. அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓடிப்போக வேற கோட்ஸ் இருந்ததோ எண்டு கேளுங்கோ.”

செல்வமலர் முன்னால் இருந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்த அன்று நான் அதை இரண்டு முறை படித்தேன். சாட்சி நேர்மையானவர் என்றும், அவர் விவரித்த சம்பவங்கள் நடந்தன என்றும் நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் எந்த அரசும் அமைக்காத ஒரு நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை இந்த நீதிமன்றம் விவாகரத்தாக ஏற்க இயலாது. ஆகவே வாசுதேவனுடனான திருமணம் திருமணமல்ல. சாட்சியைப் பற்றிய பத்தியில் “முன்னாள் போராளி, தற்போது பெற்றோல் நிலையக் காசாளர்” என்றிருந்தது. சட்டத்தரணி என்ற சொல் எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, இருக்க வழியில்லை என்று. அது நீதிமன்றம் இல்லையென்றால் இவர் சட்டத்தரணியும் இல்லை. நான் மூன்று ஆண்டுகள் படித்த சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அது சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மேன்முறையீட்டில் பாலேந்திரனின் மரணத்தை எழுப்பலாம் என்று பிரீத்தா கடைசியாக ஒருமுறை கேட்டார். செல்வமலர் மறுத்தார். வீட்டைக் காலி செய்து குரோய்டனில் ஒரு அறைக்குப் போனார். வாசுதேவனின் ஆண்டுத் திவச அறிவித்தலைத் தம்பி வெளியிட்டார். அன்புச் சகோதரன், அன்பு மைத்துனர், அன்புப் பெரியப்பா எல்லாம் இருந்தன. அன்புக் கணவர் என்று இல்லை.

கிறிஸ்துநாயகத்தின் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டது. முன்பு கொடுத்த அனுமதியையும் மறுபரிசீலனை செய்வதாக எழுதினார்கள். அந்த மாரிகாலத்துக்குள் அவருடைய அம்மா இறந்தார். முருங்கன் கிறிஸ்தவக் கோவிலில் நடந்த அடக்கப் பூசையைப் போனில் பார்த்தார். பெற்றோல் நிலையத்தில் விடுப்புக் கிடைக்காததால் காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்றபடி பார்த்ததாகச் செல்வமலர் சொன்னார். பூசை முடிந்தபின் அந்தப் பெடியன் போனை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலைக் காட்டினானாம். பாய் விரிக்காத கட்டில்.

அதற்குப் பிறகு அவரை நான் ஒருமுறைதான் கண்டேன். டிராமுக்கு நின்றார். லோயர் அண்ணை என்று கூப்பிட்டேன்.

“உந்தப் பேரை விடு, பிள்ளை,” என்றார். “தீர்ப்பு வந்திட்டுது.”

இந்த ஆண்டு பெப்ரவரியில், பனி பெய்த ஒரு காலையில், பெற்றோல் நிலையத்துக்குப் போகிற வழியில் விழுந்தார். இதயம். மறுபரிசீலனையின் முடிவு அதுவரை வந்திருக்கவில்லை. மருத்துவமனைப் பதிவில் நெருங்கியவர் என்று அவர் செல்வமலரின் பெயரைக் கொடுத்திருந்தார். இறுதிச் சடங்குக்குச் சிலர் இயக்கக் கொடியோடு வந்து பெட்டியின்மேல் போர்த்த வேண்டும் என்றார்கள். செல்வமலர் அவர்களை இருக்கவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். கொடியை வாங்கி மடித்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். லோயர் அண்ணை தன் வாக்குமூலத்தை இயக்கத்தோடு முடிக்கவில்லை என்றார்.

மரண அறிவித்தலை எழுத என்னைக் கூப்பிட்டார். குரோய்டன் அறையில் ஒரு கதிரைதான் இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியில் எழுதினேன். மன்னார் முருங்கனைப் பிறப்பிடமாகவும், மல்லாவி, லண்டன் குரோய்டன் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட. பிறகு பெயர். பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் தொழில் போடுவது எங்கள் வழக்கம். நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

“லோயர் எண்டு போடு,” என்றார் செல்வமலர்.

நான் விளக்கத் தொடங்கினேன். தீர்ப்பு, அந்தப் பத்தி, இங்கே அந்தப் பட்டத்தை யார் போடலாம் யார் போடக்கூடாது என்ற விதி, யாராவது பார்த்துவிட்டுக் கதை எழுப்பலாம் என்ற பயம். என் குரல் பிரீத்தாவின் குரல்போல இருந்தது. செல்வமலர் முழுவதையும் கேட்டார். அவருடைய கதிரைக்குப் பின்னால் சுவரில் வாசுதேவனின் படம், பஸ் கம்பனிச் சட்டையோடு.

“அவர் லோயர் இல்லையெண்டால்,” என்றார், “நான் ஆரின்ரை பெண்சாதி?”

அடைப்புக்குறிக்குள் எழுதினேன். சட்டத்தரணி, மல்லாவி.

தொடக்கத்திலிருந்து ஒருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்தச் சொல் வந்தபோது, அந்த இடத்தைத் திருப்பி வாசி என்றார்.